கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர்

புதுமடம்
6 ஜனவரி 2025

முருகலட்சுமி,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் நினைத்தேன், பேனா ஓடவில்லை. அதனால் வெறும் முருகலட்சுமி.

நேற்று உச்சிப்புளியில் என் இ-சேவைக் கடைக்கு ஒருத்தர் வந்தார். பேப்பரில் இருந்து வெட்டிய துண்டை நீட்டி, “இதை லேமினேசன் போட்டுக் குடு தாயி. எம்மக படிக்கிற காலேசு. அவளுக்குப் பாடம் எடுக்குற டீச்சராம், ஆகாசத்துல என்னத்தையோ கண்டுபிடிச்சிருக்காங்களாம்” என்றார். வாங்கிப் பார்த்தேன். பொன்னாடையோடு நீ. பக்கத்தில் தாளாளர், பல் எல்லாம் தெரிய. ‘சிறுகோளைக் கண்டுபிடித்த பேராசிரியை. கல்லூரி நிறுவனர் அமரர் பாண்டித்துரை பெயர் சூட்டப்படுகிறது.’ மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். மர்ஜானா என்று ஒரு எழுத்து இல்லை. மெஷின் ஏற்கனவே சூடாகி இருந்தது. ஓரம் மடங்காமல் அழகாகப் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கை கூசியிருக்கும்.

உன்னைப் போனில் பிளாக் செய்துவிட்டேன். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. முழுசாக வாசி.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவள் மாதிரி நீ நடந்துகொள்ளவில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாம் பிஎஸ்சி இரண்டாம் வருஷம். ஹவாய்த் தீவில் மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி எடுத்த படங்களை உலகம் முழுக்க மாணவர்களுக்கு அனுப்பி, சிறுகோள் தேடச் சொன்னார்கள். நம் கல்லூரியில் ஒரே குழு, அதில் நீயும் நானும். வானத்தில் ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் விட்டு விட்டு எடுத்த நாலு படம். மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரம் எல்லாம் அப்படியே நிற்கும், சிறுகோள் மட்டும் நகரும். அன்றைக்கு ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? “ரெண்டாவது படத்துல காணோம். அழுக்குதான், விடுடி.” பரமக்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நான் விடவில்லை. மற்ற மூன்று படத்திலும் அந்தப் புள்ளி ஒரே கோட்டில் இருந்தது. இரண்டாவது படத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. மூன்று படத்தில் ஒல்லியாக இருந்த அந்த நட்சத்திரம் அந்த ஒரு படத்தில் மட்டும் தடித்திருந்தது. நம் ஆள் அதன் மேல் ஏறி நின்றிருக்கிறான்!

அன்று சாயங்காலத்தோடு அந்தப் படங்களுக்குக் கெடு. லேப்பையோ நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். நான் உள்ளேயே இருந்துகொண்டேன். அளந்து, உன் பேரையும் என் பேரையும் போட்டு அனுப்பிவிட்டு வெளியே வரும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வாட்ச்மேனும் முதல்வரம்மாவும் நின்றார்கள். மறு வாரம் என் கையில் டிசி. ‘அனுமதியின்றிக் கல்லூரி நேரத்துக்குப் பின் வளாகத்தில் தங்கியது’ என்று காரணம் எழுதி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊர் என்னென்ன பேசியது என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்பவும் சொல்லப்போவதில்லை.

எதைச் செய்ததற்காக என்னை வெளியே அனுப்பினார்களோ, அதற்குத்தான் இன்றைக்கு உனக்குப் பொன்னாடை. நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம். என்ன சொல்லப்போகிறாய், சொல்லு.

மர்ஜானா


பரமக்குடி
11 ஜனவரி 2025

மர்ஜானாவுக்கு,

உன் கடிதம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது. யாரோ மாணவியின் வீட்டில் இருந்து என்று நினைத்து எல்லோர் முன்னாலும் பிரித்தேன். முதல் வரியிலேயே முகம் மாறிவிட்டது போலிருக்கிறது, பக்கத்து நாற்காலி கெமிஸ்ட்ரி மேடம் தண்ணி எடுத்துக் கொடுத்தார்கள். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுது. திட்டுவதாக இருந்தாலும் வீட்டுக்கு எழுது.

நடுவில் பேச முடியாது என்றாய். இப்போது என் முறை.

அந்தப் பழைய குழு மெயிலை நான் மூடவே இல்லை. எப்போதாவது திறந்து பார்ப்பேன். நவம்பரில் திறந்தால், சுற்றுப்பாதை உறுதியாகிவிட்டது, நிரந்தர எண் கொடுத்தாயிற்று, கண்டுபிடித்தவர்கள் பெயர் முன்மொழியலாம் என்று வந்திருக்கிறது. உன் வீட்டுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் போன் கூடச் செய்யவில்லை, சத்தியமாக. அதற்குள் வாய் நிற்காமல் முதல்வரம்மாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். அம்மா தாளாளரிடம் சொல்ல, தாளாளர் ஆபீஸ் மேனேஜர் தங்கப்பாண்டியிடம் சொல்ல, பேப்பர் வரைக்கும் போய்விட்டது. எழுதிக் கொடுத்தது தங்கப்பாண்டி. ரெண்டு பேர் பேரும் போட வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கிறார். “அந்தப் பிள்ளைக்கு டிசி குடுத்து அனுப்பினோம்ல, மறந்துருச்சாம்மா? பேரைப் போட்டா ஏன் அனுப்புனீகன்னு பேப்பர்காரன் கேப்பான். சும்மா கெடக்குறதை எதுக்குக் கெளறணும்?”

நான் இன்னும் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. ஏன் என்று கேள். ஏப்ரலில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. இத்தனை வருஷமாக கெஸ்ட் லெக்சரர், லீவு எடுத்தால் சம்பளம் கட். அய்யாவுக்கு முழங்கால் போய்விட்டது, தறியில் உட்கார முடியவில்லை. இந்த வீட்டில் அடுப்பு எரிவது என்னால். நீ கடைக்கு முதலாளி. மாட்டேன் என்று சொல்வது உனக்குச் சுலபம்.

இப்போது தாளாளர் ஒரு கடிதம் கேட்கிறார். ‘இச்சிறுகோளை நான் மட்டுமே கண்டுபிடித்தேன், இதற்கு எங்கள் நிறுவனர் பெயரை முன்மொழிகிறேன்’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிப்ரவரி பத்தாம் தேதி நிறுவனர் நாள் விழா. மேடையில் வைத்து அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வாராம். நான் இன்னும் போடவில்லை.

அழுக்கு என்று சொன்னதைச் சொல்லிக் காட்டினாய். சொன்னேன்தான். ஆனால் அந்தப் புள்ளியை முதலில் விரல் வைத்துக் காட்டியதும் நான்தான், அதையும் நினைவில் வை. இன்னொன்று, மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பொன்னாடையைப் போட்டபோது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. திட்டிக்கொள்.

பொங்கல் வருகிறது. உன் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவர முடியாத பொங்கல் இதுதான் முதல் தடவை.

முருகு


புதுமடம்
17 ஜனவரி 2025

முருகு,

பொன்னாடை பிடித்திருந்தது என்று எழுதினாய் பார், அந்த வரிக்காக உன்னை பிளாக்கில் இருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. ஆனால் யோசித்தேன். அந்த மெரூன் கலர் உனக்கு எடுக்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டேன் என்று சொல்வது எனக்குச் சுலபமா? அந்த டிசியோடு எத்தனை காலேஜ் படி ஏறினோம் என்று வாப்பாவைக் கேள். எல்லா இடத்திலும் அதே மாதிரிதான். அந்த வரியைப் படிப்பார்கள், என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள், “சீட் ஃபுல்” என்பார்கள். ஒரு இடத்தில் வாப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, “பொண்ணு விஷயம், சீக்கிரம் நிக்காஹ் பண்ணி வச்சிருங்க பாய்” என்றார்கள். வெளியே நின்ற எனக்கும் அது கேட்டது. பஸ்ஸில் வரும்போது வாப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் தபாலில் படித்து டிகிரி வாங்கினேன். கடை போட்டேன். இப்பவும் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் படம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வருஷமும் இரண்டு புள்ளி அனுப்பியிருக்கிறேன். உனக்குத் தெரியாது, நீ கேட்கவில்லை.

நாம் அடித்துக்கொள்வது உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மீன் ஆய்ந்துகொண்டே ஒரே பேச்சு. “ஆகாசத்துல எங்கனயோ சுத்துற கல்லு. அதுக்குப் போயி ரெண்டு பொம்பளைப் புள்ளைக அடிச்சுக்கிட்டு கெடக்கிய. நீங்க யாருன்னு அந்தக் கல்லுக்குத் தெரியுமா?”

“கல்லுக்குத் தெரிய வேணாம் உம்மா. காலேஜுக்குத் தெரியணும்” என்றேன்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் காஜா நவாஸ் ஜுபைலில் இருந்து பேசினார். முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி, உனக்கு என்னதான் வேணும்? அதை ஒரே வரியில சொல்லு பாப்போம்” என்றார். யோசித்துச் சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன். அந்தக் கல்லுக்கு என்ன பேர் வைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. கண்டுபிடித்தவர் என்று போடுகிற இடத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும். நீயும் இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும். அந்தச் சாயங்காலம் நான் எதற்காக உள்ளே இருந்தேன் என்று ஒரு இடத்திலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. உன் வேலை போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். தெரிந்தும் சொல்கிறேனே என்று கோபப்படு. ஆனால் போடாதே.

மர்ஜானா


பரமக்குடி
26 ஜனவரி 2025

அன்புள்ள மர்ஜானா,

கொடியேற்றிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். தங்கப்பாண்டி கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐயோ, கிழித்துவிடாதே! முழுசாக வாசி என்று நீ சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. வந்த சந்தோஷத்தில் நேற்று நான் சாப்பிடக்கூட இல்லை, அம்மா திட்டினாள்.

பேர் வைக்கிற கமிட்டியின் விதிகளை மறுபடி படித்தேன். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அங்கே வழக்கம் இல்லை. மற்றவர் பேரை வைக்கலாம். யாருடைய பேரையும் வைக்கலாம். இப்போது பார். நீயும் நானும் கண்டுபிடித்தோம் என்று போட்டால் உன் பேரை வைக்க முடியாது. நான் மட்டும் கண்டுபிடித்தேன் என்று காலேஜே முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தால்? நீ கண்டுபிடித்தவள் இல்லை என்று அவர்களே சொன்னால்? அப்போது உன் பேரை வைக்க ஒரு தடையும் இல்லை!

விழாவில் தாளாளர் கடிதத்தை வாங்கி, கும்பிட்டுவிட்டு, அனுப்பச் சொல்லி என்னிடமே கொடுப்பார். மெயிலின் பாஸ்வேர்டு என்னிடம்தானே இருக்கிறது. நான் மட்டுமே கண்டுபிடித்தவள் என்ற பக்கத்தை அனுப்புவேன். பேர் என்ற இடத்தில் பாண்டித்துரை போட மாட்டேன். மர்ஜானா என்று போடுவேன். அது வெளியாகிறதற்குள் ஏப்ரல் தாண்டிவிடும், என் வேலை நிரந்தரமாகிவிடும். அதற்குப் பிறகு தாளாளர் தலைகீழாக நின்றாலும் அந்தப் பேரை மாற்ற முடியாது. எவளுடைய பேரை ஒரு பேப்பரில் போட மாட்டோம் என்றார்களோ அவள் பேர் சூரியனைச் சுற்றும், மர்ஜானா! நீ செத்து, நான் செத்து, தாளாளரின் பேரப்பிள்ளைகளும் செத்த பிறகும் சுற்றும்.

எப்படி இருக்கிறது? அவர்கள் கடிதத்தை வைத்தே அவர்களை மடக்குகிறேன். ஒன்பது வருஷமாக உனக்கு நான் பட்ட கடனை ஒரே அடியில் தீர்த்துவிடுகிறேன். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உடனே எழுது. இல்லை, பிளாக்கை எடு. உன் குரலைக் கேட்க வேண்டும்.

உன்
முருகு


புதுமடம்
30 ஜனவரி 2025

முருகலட்சுமி,

பிளாக்கை எடுக்க மாட்டேன்.

உன் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது சிரித்துவிட்டேன். என் பேர் சூரியனைச் சுற்றுவதை நினைத்து ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. பொய் சொல்லவில்லை. கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டலாம், என் மகள் அஃபீஃபா வளர்ந்த பிறகு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் வயிறு எரிந்தது.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? நான் கண்டுபிடித்தவள் இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். தங்கப்பாண்டி போடவில்லை, தாளாளர் போடவில்லை. நீ. அந்தப் புள்ளி எங்கே மறைந்தது என்று உலகத்தில் முதலில் தெரிந்தவள் நான். நீ அழுக்கு என்று விட்டுப் போனதை நான் எடுத்தேன் என்பதற்கு நீ ஒருத்திதான் சாட்சி. சாட்சியே போய், நான் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு, அதற்கு ஈடாக என் பேரை அந்தக் கல்லில் ஒட்டுகிறேன் என்கிறாய்.

பேர் யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம் முருகு. ஆற்றுக்கு வைக்கிறார்கள், ஊருக்கு வைக்கிறார்கள், செத்துப்போனவர்களுக்கு வைக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கு யாராவது படிப்பார்கள்: மர்ஜானா, கண்டுபிடித்தவரின் தோழி. தோழி! அவளுக்கு உதவி செய்தவளாக்கும், டீ வாங்கிக் கொடுத்தவளாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்த டிசியில் இருக்கிற வரிக்கு என்ன பதில்? லேப்பில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று ஆகிவிடும். வேலை இல்லாத இடத்தில் இருட்டுகிற வரை ஒரு பெண் எதற்காக இருந்தாள் என்று ஊர் கேட்ட கேள்விக்கு நீயே பதில் எழுதிக் கொடுத்துவிட்டாய்.

எனக்கு மரியாதை வேண்டாம். பரிசு வேண்டாம். நீ பட்ட கடனும் இல்லை, தீர்க்கவும் வேண்டாம். என் வேலையை என் வேலை என்று சொல். அதற்கு மேல் ஒரு சல்லி வேண்டாம்.

பத்தாம் தேதி நான் வருகிறேன். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். கேட்டில் நிற்பேன். நீ அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தால் அதை நின்று கேட்டுவிட்டுப் போகிறேன். அதற்குப் பிறகு உன் விலாசம் எனக்கு மறந்துவிடும்.

கிழித்துவிடு முருகு. உன்னைக் கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. சொல்கிறேன், கிழித்துவிடு.

மர்ஜானா


பரமக்குடி
13 பிப்ரவரி 2025

மர்ஜானா,

கேட்டில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் நீ பாதியைக் கேட்டிருப்பாய். நான் ஓடி வருவதற்குள் நீ போய்விட்டாய். வாட்ச்மேன் சொன்னார், “அந்தம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு அம்புட்டு நேரம் நின்னுச்சு. மைக்கு அமந்துபோகவும், உள்ள விடச் சொல்லி என்கிட்ட சண்டை பிடிச்சுச்சு. கடேசி பஸ்ஸு வரவும் போயிருச்சு” என்று. அதனால் மைக் நின்றதற்கு அப்புறம் நடந்ததை எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இவளுக்காக இவ்வளவு மூளையைக் கசக்கினேனே, இவள் இப்படிப் பேசுகிறாளே என்று. மூன்று நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நாலாம் நாள் வகுப்பில் ஒரு மாணவி, சிநேகா என்று பேர், “மேம், ரெண்டாவது படத்துல காணாமப்போச்சுன்னா அது சிறுகோள்தான்னு எப்படி மேம் நம்புனீங்க?” என்று கேட்டாள். நட்சத்திரம் தடித்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. வாய் வரவில்லை. போர்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அப்போதுதான் நீ எழுதியது முழுசாக உறைத்தது. வாழ்நாள் முழுக்க அந்த இடம் வரும்போதெல்லாம் நான் போர்டுப் பக்கம் திரும்ப வேண்டும்.

விழா அன்று காலையில் தங்கப்பாண்டி பாஸ்வேர்டைக் கேட்டார். தர மாட்டேன் என்றேன். “விழா முடியட்டும், பேசிக்கிறோம்” என்று போனார். மேடையில் பெரிய பேனர். வட்டமாக ஒரு கல், கல்லுக்குள் நிறுவனர் படம், மீசையோடு. தாளாளர் என்னை மைக்குக்குக் கூப்பிட்டார். ‘இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர்’ என்று நான் தொடங்கியதை நீ கேட்டிருப்பாய். ‘ஒருத்தி இங்கே நிற்கிறாள், இன்னொருத்தியை நீங்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்’ என்றதையும் கேட்டிருப்பாய். அங்கேதான் தங்கப்பாண்டி வயரைப் பிடுங்கினார்.

பிடுங்கினால் என்ன? எத்தனை வருஷம் அறுபது பேர் வகுப்பில் மைக் இல்லாமல் கத்தியிருக்கிறேன். தொண்டையைத் திறந்தேன். “மர்ஜானா பார்க்காவிட்டால் அதை நான் அழுக்கு என்று விட்டிருப்பேன்! அதை அளந்து அனுப்பத்தான் அன்றைக்கு லேப்பில் இருந்தாள்! அதற்குத்தான் அவளுக்கு டிசி கொடுத்தீர்கள்! நீங்கள் கொடுத்த கடிதம் இதோ!” என்று சொல்லிக் கிழித்தேன். நாலாக, எட்டாக. தாளாளர் எழுந்து, “உக்காரும்மா, உக்காரு, விழாவைக் கெடுக்காதே” என்றார். “என்னை உக்காரச் சொல்லாதீங்க சார், அவளுக்குப் பதில் சொல்லுங்க” என்றேன். எனக்கே நம்ப முடியவில்லை, அது என் குரல்தானா என்று. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் கை தட்டினாள். அப்புறம் பெண்கள் எல்லாம். முதல்வரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் வேலை போய்விட்டது. வீட்டில் அய்யா கேட்டார், “விட்டுட்டு வந்தியா, விரட்டி விட்டாங்களா?” “ரெண்டும்தான்யா” என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டார். “ரெண்டுல முன்னாடி எது?” என்றார். விட்டதுதான் முன்னாடி என்றேன். “அப்ப சரி, சாப்பிடு” என்றார்.

அழுதேன், மர்ஜானா. பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் கிழித்ததற்கு வருத்தப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழு மெயிலில் இருந்து எழுதி அனுப்பிவிட்டேன்: இதைக் கண்டுபிடித்தவர்கள் மர்ஜானா, முருகலட்சுமி. உன் பேரை முன்னால் போட்டது அகர வரிசைக்காக இல்லை.

முருகு


புதுமடம்
3 மார்ச் 2025

அன்புள்ள முருகு,

பார், எழுதிவிட்டேன், ‘அன்புள்ள’. பிளாக்கையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீ நடுவில் பேசாமல் இதை யோசிக்க வேண்டும்.

அன்றைக்குக் கேட்டில் நின்றபோது நீ முதல் வரியைச் சொன்னதும் அஃபீஃபாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், அவள் அழுதுவிட்டாள். மைக் நின்றதும் உன்னைத் தள்ளிவிட்டார்களோ, நீ பயந்துபோய் நிறுத்திவிட்டாயோ என்று தவித்துப்போனேன். உன் கடிதம் வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்தவில்லை நீ. நிறுத்தவே இல்லை. எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்காதே.

பதில் வந்துவிட்டது. தேடல் திட்டத்துக்காரர்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். முதல் அறிக்கையிலேயே இரண்டு பேர் பெயரும் இருக்கிறதாம், அதை யாராலும் மாற்ற முடியாதாம். கண்டுபிடித்தவர்கள் என்று நம் இரண்டு பேரையும் போட்டாயிற்று. உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது அவளுக்கு. “மர்ஜானாங்குற எடத்தை மட்டும் திரும்பப் படி” என்றாள். படித்தேன்.

இப்போது யோசிக்க வேண்டியது. நேற்று, முதல் நோன்பு அன்று, கடைக்குத் தங்கப்பாண்டி வந்தார். ஒரு கவரோடு. உள்ளே புது டிசி. அந்த வரி இல்லாத டிசி. ‘நன்னடத்தை’ என்று போட்டு, முத்திரையோடு. “உன் கையெழுத்தும் அந்தப் பிள்ளை கையெழுத்தும் சேர்ந்தாத்தான் பேரு வைக்க முடியுமாம்ல. நிறுவனர் பேருக்கு ரெண்டு பேரும் ஒத்துக்கங்க. இது உனக்கு. அவளுக்கு வேலை, நிரந்தரமா. தாளாளர் வாக்கு” என்றார்.

அந்த டிசியைக் கையில் வாங்கினேன் முருகு. வாங்கிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷமாக அந்தக் காகிதத்தைக் கனவில் பார்த்திருக்கிறேன். வாப்பாவிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் போல இருந்தது. அப்புறம் தங்கப்பாண்டியிடம், “நான் நல்லவள்னு நீங்க எழுதித் தர்றதுக்கு நான் உங்க பேரை ஆகாசத்துல எழுதணுமா? எடுத்துட்டுப் போங்க” என்றேன். கவரை அவர் சட்டைப் பையில் நானே செருகிவிட்டேன்.

என் பங்குக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். உன் பங்குக்குச் சொல்லவில்லை. அது உன் வேலை, உன் அய்யாவின் முழங்கால், உன் வீட்டு அடுப்பு. நீ சரி என்று சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மனசாரச் சொல்கிறேன், ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி நீ சொல்.

உன்
மர்ஜானா


பரமக்குடி
7 மார்ச் 2025

மர்ஜானா,

நீ பெரிய மனசோடு எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நீ கையெழுத்துப் போடுவாயாம், நான் போய் வேலையில் உட்கார வேண்டுமாம். யாரைக் கேட்டாய்?

தங்கப்பாண்டி நேற்று இங்கேயும் வந்துவிட்டார். அய்யா உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஏப்ரல் ஒன்றாம் தேதியே ஆர்டர் கையில் இருக்குமாம். நான் மாட்டேன் என்றேன். சம்பளத்தைச் சொன்னார். மாட்டேன் என்றேன். அய்யாவின் பக்கம் திரும்பி, “நீங்களாச்சும் சொல்லுங்க பெரியவரே” என்றார். “அவ தொண்டை எம்புட்டுப் பெருசுன்னு நீங்கதான் பாத்தியளே, நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் அய்யா.

இங்கே ஒரு டியூஷன் சென்டரில் பேசி வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ஃபிஸிக்ஸ், சாயங்கால வகுப்பு. அரை வயிறோ கால் வயிறோ ஓடும். காலையில் நேரம் இருக்கும், உன் கடை கம்ப்யூட்டரில் எனக்கும் ஒரு இடம் கொடு. அழுக்கு என்று நான் விடுவதை எல்லாம் நீ எடு.

பேர் வைக்க நமக்குப் பத்து வருஷம் இருக்கிறது. இப்போதைக்கு எந்தப் பேரும் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன், நீயும் அனுப்பு. பத்து வருஷமும் தாளாளர் அதை நினைத்துக்கொண்டே நிறுவனர் நாள் கொண்டாடட்டும். வாசல் வரைக்கும் போன தங்கப்பாண்டி செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார், “பேரில்லாம ஒரு கல்லு சுத்துறது உங்களுக்கே நல்லாவாம்மா இருக்கு?”

“கல்லுக்குப் பேரில்லாட்டி என்ன சார்? கண்டுபிடிச்சவங்களுக்குப் பேரு இருக்குல்ல” என்றேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே நான் வந்துவிடுவேன். நோன்புக் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை.

முருகு